வெண்பனியும் வரலாறும்: கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களிற் குளிர்கால நிலக்காட்சி பற்றிய ஒரு நோக்கு

1

இலங்கைத் தமிழ் வாசகருக்கு வெண்பனி என்பது பெரும்பாலும் படங்களின் வழியாக அறிமுகமான ஒன்றாகும். முன்பனி, பின்பனி எனப் பருவங்களை வகுத்த நமது மரபிற் ‘பனி’ என்ற சொல் புல்நுனியிற் படியும் ஈரத்தையும் விடியற்காலைக் குளிரையுமே முதன்மையாகச் சுட்டி நின்றது. வானிலிருந்து பொழிந்து வயலையும் வீட்டையும் ஆளுயரத்துக்கு மூடும் வெண்பனியை நாம் அறிந்துகொண்டது நாட்காட்டிகளும் வாழ்த்து மடல்களும் சினிமாவும் தந்த காட்சிகளினூடாகவே எனலாம். அக்காட்சிகள் வெண்பனியைத் தூய்மையின் குறியீடாக நமக்குப் பழக்கிவிட்டன. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட பனிநிலப் படங்களோ அத்தூய்மை உணர்வை மேலும் அழுத்துவன. நிறம் நீங்கியதும் காலமும் நீங்கிவிட்டது போன்ற ஒரு மயக்கத்தை அவை ஏற்படுத்துகின்றன.

இத்தகைய படங்களைப் பற்றி இருவகையான கருத்துகள் நிலவிவருகின்றன. இவற்றிலே கலை எல்லாவித சமூகச் சார்புகளையும் கடந்து ‘தூய’ நிலையை எய்திவிடுகிறது என்பது ஒன்று. மனிதரே இல்லாத இப்படங்கள் வாழ்க்கைப் போராட்டத்திலிருந்து தப்பியோடும் மனோபாவத்தின் வெளிப்பாடுகள். ஆதலால் முற்போக்காளர் கவனிக்க வேண்டியவை அல்ல என்பது மற்றொன்று. 1930களில் உலகம் சிதறிக்கொண்டிருக்கையில் அன்ஸெல் அடம்ஸ் போன்றோர் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே-பிறெசொன் அங்கலாய்த்ததாகச் சொல்லப்படுவது இரண்டாவது கருத்தின் சுருக்கமான வடிவமாகும். நம்மிடையேயும் இக்கருத்துக்குச் செல்வாக்கு உண்டு.

இவ்விரு கருத்துகளும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றினும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. படத்திலே காணப்படுவது இயற்கையே என்று இரண்டும் ஒப்புக்கொள்கின்றன. ஒரு சாரார் அதனைப் போற்றுகின்றனர். மறுசாரார் அதனைப் புறக்கணிக்கின்றனர். அவ்வியற்கை எவ்வாறு படமாக ஆக்கப்பட்டது, அங்ஙனம் ஆக்கும்பொழுது எவை ஏற்கப்பட்டன, எவை நீக்கப்பட்டன என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. படத்தின் வெண்மை மனிதத் தேர்வினால் விளைவது என்பதையும், அத்தேர்வின் தடயங்களினூடாக அந்நிலத்தின் உழைப்பையும் உடைமையையும் அடக்குமுறையையும் கண்டறிய முடியும் என்பதையும் மூன்று கலைஞர்களின் படங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர்களுள் அமெரிக்கரான அன்ஸெல் அடம்ஸ் 1944இல் எடுத்த ஒரு படமே இங்கு விரிவாக ஆராயப்படுகிறது.

2

முதலில் தொழில்நுட்பத்தை நோக்குவோம். ஒளி பட்ட இடங்களிற் படச்சுருளில் உள்ள வெள்ளி உப்புகள், உருத்துலக்கும் திரவத்தின் துணையோடு கரிய உலோக வெள்ளியாக மாறுகின்றன. ஆகவே மிகுந்த ஒளியைத் தெறிக்கும் வெண்பனி நெகட்டிவிலே மிகக் கரியதாக அமையும். அந்த நெகட்டிவினூடாகத் தாளின்மீது ஒளியைப் பாய்ச்சும்பொழுது கரிய பகுதி ஒளியைத் தடுத்துவிடுவதால் தாளில் அவ்விடம் வெளிறி நிற்கும். நாம் பனி எனக் காண்பது வெறுந்தாளுக்கு மிக அண்மித்த ஒரு நிலையாகும். முற்றாக வெறுந்தாளாக விட்டுவிட்டாற் பனியின் மணியுருவும் மேடுபள்ளமும் மறைந்து வெறுமை மாத்திரமே எஞ்சும். சற்றுக் கூடுதலாகக் கறுத்துவிட்டாலோ பனி சாம்பற்குவியலாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மிக ஒடுங்கிய எல்லைக்குள்ளேதான் பனிநிலப் படக் கலைஞன் தொழிற்பட வேண்டியுள்ளது.

இவ்விடத்திற் கருவியை நம்பியிருக்க முடியாது என்பது கவனிக்கத்தக்கது. ஒளிமானி எப்பொருளையும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையதாகக் கொண்டே அளவு கூறுகின்றது; அதாவது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தைத் தெறிக்கும் ஒரு பொருளாகக் கொள்கின்றது. புதிதாக விழுந்த வெண்பனியோ 80 வீதத்துக்கும் மேலாகத் தெறிப்பது. ஒளிமானி சொன்னபடியே படமெடுத்தாற் பனி சாம்பல் நிறமாகவே பதியும். பனியைப் பனியாகக் காட்ட விரும்புபவர் கருவி கூறும் அளவினைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியைப் படச்சுருளுக்குக் கொடுத்தல் வேண்டும். இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், பனி வெண்மையானது என்பதைக் கமெரா அறியாது என்பதே. அதனை அறிந்த மனிதனே வெண்மையைக் கொண்டுவருகின்றான்.

நிறத்தைப் பற்றிய விடயமும் இத்தகையதே. 19ஆம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கே மிகுந்த உணர்திறன் கொண்டிருந்தமையால் நீல வானம் படத்தில் வெளிறிப்போயிற்று. வெண்சிகரமும் வானமும் ஒன்றோடொன்று கலந்து காணப்பட்டன. பனியின்மீது விழும் நிழல் நீலவானின் ஒளியைப் பெறுவதால் அதுவும் நீலச்சாயல் கொண்டது; அத்தகடுகளில் நிழலும் தன் வலுவை இழந்தது. எல்லா நிறங்களுக்கும் உணர்திறனுள்ள படச்சுருளும், நீல ஒளியைத் தடுக்கும் மஞ்சள், செந்நிற வடிகட்டிகளும் வழக்குக்கு வந்த பின்னரே கருமையான வானமும் ஆழ்ந்த நிழலும் அவற்றின் நடுவே ஒளிரும் பனியும் என்ற காட்சி சாத்தியமாயிற்று. 1927 ஏப்பிரல் 10ஆம் திகதி கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கில் ‘ஹாவ் டோம்’ என்னும் பாறைமுகத்தைப் படமெடுத்த அடம்ஸ், முதலில் மஞ்சள் வடிகட்டியைப் பயன்படுத்தினார். தமது மனத்திலிருந்த கம்பீரம் அதில் வராது என உணர்ந்து, எஞ்சியிருந்த கடைசித் தகட்டிற் கடுஞ்சிவப்பு வடிகட்டியைக் கொண்டு மீண்டும் எடுத்தார். பகல் வானம் ஏறத்தாழ இரவு வானமாயிற்று. அப்படத்தின் கரிய வானம் யொசெமிற்றியின் வானமன்று, கலைஞனது தீர்மானம்.

1940ஐ அண்டிய காலத்தில் அடம்ஸும் பிரட் ஆர்ச்சரும் இவ்வநுபவங்களை ஒரு முறைமையாக வகுத்தனர். முழுக் கருமையிலிருந்து தாளின் முழு வெண்மை வரையுள்ள நிறபேதங்களை அது பதினொரு படிகளாகப் பிரித்தது. பனி எந்தப் படியில் அமைய வேண்டும் என்பதைப் படமெடுக்கும் முன்னரே மனத்தில் தீர்மானித்து, ஒளியையும் உருத்துலக்கும் நேரத்தையும் அதற்கேற்ப வகுப்பதே அம்முறைமையின் சாரமாகும். இன்று கைத்தொலைபேசி இவ்வேலையைக் கணப்பொழுதில் தானே செய்துவிடுகின்றது. எனினும் தீர்மானம் இல்லாமற் போய்விடவில்லை. கருவியை வடிவமைத்தோரிடம் அது கைமாறியுள்ளது.

3

இத்தேர்வின் சமூகப் பரிமாணத்தை நோக்குமுன், தொடக்ககால எடுத்துக்காட்டு ஒன்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். 1893 பெப்ரவரி 22ஆம் திகதி நியூயோர்க் நகரின் ஐந்தாம் அவெனியூவிற் கடும் பனிப்புயலினூடே அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் மூன்று மணிநேரம் காத்து நின்று ஒரு படம் எடுத்தார். கையிலே தூக்கிச் செல்லும் சிறு கமெரா கலைக்கு ஏற்றதன்று என்று கருதப்பட்ட காலம் அது. பனியை உழுதுகொண்டு வரும் ஒரு குதிரை வண்டி, அதனை ஓட்டும் சாரதி, சக்கரத் தடங்கள் ஆகியவை அப்படத்தில் உள்ளன. நெகட்டிவின் ஒரு பகுதியை மாத்திரம் தெரிந்தெடுத்தே அவர் அதனை அச்சிட்டார். அதே ஆண்டு எடுத்த இன்னொரு படத்தில், உடலிலிருந்து ஆவி பறக்க நிற்கும் டிராம் வண்டிக் குதிரைகளுக்குச் சாரதி நீர் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்படங்களிற் பனி என்பது வேலைக்கு வந்த தடை. பெருநகரின் போக்குவரத்து ஒருநாள்கூட நிற்க முடியாது. அதனை நிற்கவிடாது காப்பவர் சவுக்கும் கடிவாளமும் பிடித்த ஒரு கூலியாள். செல்வக் குடும்பத்திற் பிறந்து ஜேர்மனியிற் கல்வி கற்றுத் திரும்பிய ஸ்டீக்லிட்ஸ் தொழிலாளர் இயக்கத்தின் கலைஞர் அல்லர். ஆயினும் பனியைப் படமெடுக்கத் தெருவில் இறங்கியபொழுது, தெருவில் நின்ற உழைப்பு அவரது சட்டகத்தினுள் வந்து சேர்ந்தது. கலைஞனின் வர்க்கப் பின்னணியை மாத்திரம் கொண்டு அவனது படைப்பை அளந்துவிட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

4

இனி அடம்ஸின் படத்துக்கு வருவோம். ‘குளிர்காலச் சூரியோதயம், லோன் பைனிலிருந்து சியெரா நெவாடா’ என்பது அதன் தலைப்பு. மேற்பகுதியிற் சூரியனின் முதற்கதிர் பட்டு ஒளிரும் பனிச்சிகரங்கள். அவற்றிடையே 4,421 மீற்றர் உயரமான விற்னி மலையும் உண்டு. அவற்றின் கீழே நிழலில் அமிழ்ந்த அலபாமாக் குன்றுகள் ஏறத்தாழ முழுக் கருமையாக நீண்டு கிடக்கின்றன. அடியில் ஒளிக்கீற்று ஒன்று விழுந்த மரங்களும் புல்வெளியும். அவ்வொளியில் மிகச் சிறியதாக ஒரு குதிரை. வெண்மை, கருமை, மீண்டும் வெண்மை என்று அமைந்த இவ்வொழுங்கு கறுப்பு வெள்ளைக் கலையின் உச்சங்களில் ஒன்றாகக் கருதப்படுவது பொருத்தமே.

இப்படம் உருவான விதத்தை அடம்ஸே எழுதி வைத்துள்ளார். நான்கு விடியற்காலைகள் முயன்றும் படம் வாய்க்கவில்லை. ஐந்தாம் நாள் இருட்டோடு சென்று, தமது மோட்டார் வண்டியின் கூரைமேல் அமைத்த மேடையிற் கமெராவை நிறுத்திக் காத்திருந்தார். குதிரையோ தன் பின்புறத்தைக் காட்டியபடியே மேய்ந்துகொண்டிருந்தது. ஒளிக்கீற்று வந்து சேர்ந்த இறுதிக்கணத்தில் அது பக்கவாட்டிற் திரும்ப, படம் பதிவாயிற்று. அடுத்த நிமிடத்தில் வெளியெங்கும் வெயில் பரவி அந்த ஒளிநிழற் கோலம் கலைந்துவிட்டது.

இன்னொரு செய்தியையும் அவர் மறைக்காது கூறியுள்ளார். லோன் பைன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தமது ஊர்ப்பெயரின் முதலெழுத்துகள் இரண்டை அலபாமாக் குன்றின் சரிவிற் சுண்ணாம்பினாற் பெரிதாக எழுதியிருந்தனர். நெகட்டிவில் அவை தெளிவாகப் பதிந்திருந்தன. அவ்வெழுத்துகளை நிலத்துக்கு நேர்ந்த வடுவெனக் கருதிய அடம்ஸ் அவற்றை நெகட்டிவிலிருந்து இயன்றவரை நீக்கினார். எஞ்சிய தடயங்களை ஒவ்வோர் அச்சுப்பிரதியிலும் தூரிகையால் மறைத்தார். 1932இல் ‘எஃப் 64’ என்ற குழுவிற் சேர்ந்து, ஓவியப் பாணிப் பூச்சுகள் எதுவுமற்ற நேர்மையான ஒளிப்படத்துக்காக வாதாடியவர் அவர். ஒரு காட்சியின் அழகைக் காப்பதற்காக அக்கொள்கையிலிருந்து விலகியதற்கு அவர் வெட்கப்படவில்லை.

குதிரை இருக்கலாம், எழுத்து இருத்தலாகாது என்ற இத்தேர்வு சிந்தனைக்குரியது. குதிரையும் மனித உழைப்பின் அடையாளமே. அது எவரோ ஒருவரது உடைமை. அது மேயும் நிலமும் எவரோ ஒருவரது உடைமை. எனினும் அது இயற்கையின் ஒரு பகுதிபோலத் தோன்றுவதால் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. பள்ளிச் சிறுவரின் சுண்ணாம்பெழுத்தோ ‘இங்கே நாம் வாழ்கிறோம்’ என்று வெளிப்படையாகக் கூறுவதால் விலக்கப்படுகின்றது. மனிதர் தம்மை அறிவித்துக்கொள்ளாதவரை மாத்திரமே இந்நிலக்காட்சியில் அவர்களுக்கு இடமுண்டு.

இந்நிலத்தில் மறைந்துபோன அடையாளங்கள் அவ்விரு எழுத்துகள் மட்டுமல்ல. ஓவன்ஸ் பள்ளத்தாக்கு எனப்படும் இப்பிரதேசம் பையூற் மக்களின் தாயகமாகும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, உணவுக்கான தாவரங்களுக்கு நீர் பாய்ச்சியவர்கள் அவர்கள். 1863இல் அமெரிக்க இராணுவம் ஆயிரத்துக்கு அண்மிய பையூற் மக்களை அங்கிருந்து ரெஹோன் கோட்டைக்கு நடத்திச் சென்றது. நிலம் கால்நடைப் பண்ணையாளரிடமும் விவசாயிகளிடமும் சேர்ந்தது. படத்திற் கருமையாகக் கிடக்கும் குன்றுகளுக்குப் பெயரிட்டவர்கள், உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களுக்கு அனுதாபமான சுரங்கத் தொழில் முயற்சியாளர்கள். ‘அலபாமா’ என்பது அத்தரப்பின் போர்க்கப்பல் ஒன்றின் பெயர்.

அடுத்து வந்தது நீரின் வரலாறு. படத்தில் அசைவற்றுக் கிடக்கும் வெண்பனி வசந்தத்தில் உருகி ஓடையாகின்றது. அவ்வோடைகளையும் ஓவன்ஸ் ஆற்றையும் ஏறத்தாழ 375 கிலோமீற்றர் நீளமான கால்வாய் ஒன்றினால் லொஸ் ஏஞ்சலீஸ் நகரம் 1913இல் தன்பாற் திருப்பிக்கொண்டது. நிலத்தோடு சேர்ந்த நீருரிமையை நகராட்சி ஒவ்வொன்றாக வாங்கியது. 1920களின் நடுப்பகுதியில் ஓவன்ஸ் ஏரி வற்றி உப்புவெளியாயிற்று. 1924 நவம்பரில் ஊர்மக்கள் திரண்டு சென்று, லோன் பைனுக்கு அருகே இதே குன்றுகளின் பெயர் தாங்கிய மதகுகளைக் கைப்பற்றி நீரை மீண்டும் ஆற்றிலே பாயவிட்டனர். சில நாட்கள் நீடித்த அப்போராட்டம் இறுதியிற் தோல்வியுற்றது. 1927இல் உள்ளூர் வங்கிகள் முறிந்ததோடு எதிர்ப்பும் ஒடுங்கிற்று. ஆகவே அடம்ஸின் சட்டகத்தின் மேற்பகுதியை நிறைத்திருக்கும் வெண்மை, சந்தையில் விலைபேசப்பட்டுப் பத்திரம் எழுதப்பட்ட நீரே. அதன் தூய்மை, இவ்வுடைமைப் போராட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து பார்க்கப்படுவதால் விளைகின்றது.

5

அடம்ஸ் 1944இல் லோன் பைனில் இருந்தமைக்கான காரணம் இன்னும் முக்கியமானது. அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வடக்கே மன்ஸனார் தடுப்பு முகாம் இருந்தது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு ‘ஆப்பிள் தோட்டம்’ என்று பொருள். நீர் பறிபோனதாற் கைவிடப்பட்ட ஒரு பழத்தோட்டக் கிராமத்தின் நிலம் அது. 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பிறப்பித்த ஆணையின் விளைவாக அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். மன்ஸனாரில் ஒரு காலத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். முப்பத்தாறு தொகுதிகளாக அமைந்த தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டில்கள், முள்வேலி, எட்டுக் காவற்கோபுரங்கள் என்பனவே அதன் தோற்றம். மாதம் 12 முதல் 19 டொலர் வரையான ஊதியத்துக்கு அவர்கள் உழைத்தனர். 1942 டிசெம்பரில் எழுந்த எதிர்ப்பின்பொழுது இராணுவப் பொலிசார் சுட்டதில் இருவர் இறந்தனர்.

முகாமின் பணிப்பாளரும் தமது நண்பருமான ரால்ப் மெரிற்றின் அழைப்பின்பேரில் 1943இன் இலையுதிர்காலத்தில் அடம்ஸ் அங்கு சென்றார். ஊதியமின்றி அவர் எடுத்த படங்கள் 1944இல் நூலாக வெளியாயின. போர் நடந்துகொண்டிருக்கையில், பகைவரென முத்திரை குத்தப்பட்ட மக்களைச் சக குடிமக்களாகக் காட்டி ஒரு நூல் வெளியிடுவது எளிய செயலன்று. பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாமைக்கு இதுவே தக்க விடையாகும். மனிதரற்ற அவரது மலைப்படங்களுக்கும் பொதுவாழ்விற் பயன் இருந்தது. 1938இல் வெளிவந்த அவரது சியெரா நெவாடாப் படத்தொகுதி, கிங்ஸ் கன்யன் பிரதேசத்தை அணைக்கட்டு, மரவியாபார நலன்களிடமிருந்து காத்து 1940இல் தேசியப் பூங்காவாக்கும் இயக்கத்துக்கு உதவியது.

எனினும் அப்பணியின் எல்லைகளையும் நாம் நோக்குதல் வேண்டும். முள்வேலியையும் காவற்கோபுரத்தையும் ஆயுதம் தாங்கிய காவலரையும் படமெடுக்க அவருக்கு அனுமதியில்லை. ஆனாற் காவற்கோபுரத்தின்மேல் ஏறி, மேற்கே சியெரா மலைத்தொடர் பின்னணியாகத் தெரிய முகாமை அவர் எடுத்த படம் ஒன்று உண்டு. படத்தினுள் இடம்பெறத் தடைசெய்யப்பட்ட கோபுரம் அங்கே பார்வைக்கோணமாகவே அமைந்துவிட்டது. மன்ஸனாரின் குளிர்காலத் தெருவொன்றையும் அவர் எடுத்துள்ளார். வரிசையான கொட்டில்கள், தெருவில் வெண்பனி, பின்னால் மலை. லோன் பைன் படத்தோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. ஒரே கலைஞர், ஒரே மலைத்தொடர், ஓராண்டுக்குச் சற்றே கூடிய அல்லது குறைந்த கால இடைவெளி. ஒன்றிலே பனி சிகரத்தில் இருக்கின்றது. காண்பவர் சூடான மோட்டார் வண்டியிலிருந்து இறங்கி வந்து பார்க்கின்றார். மற்றதிற் பனி வாசற்படியில் இருக்கின்றது. பலகை இடுக்குகளினூடே காற்று நுழையும் அறையில், ஓர் எண்ணெய் அடுப்பைச் சுற்றி வாழ்வோர் அதன்மேல் நடந்தே உணவுக்கூடத்துக்குச் செல்ல வேண்டும்.

மலைகளின் மாண்பு அடைபட்டோரின் உள்ளத்துக்கு உரமூட்டியது என்ற கருத்தை அடம்ஸ் தமது நூலில் வெளியிட்டுள்ளார். அங்கிருந்த சிலருக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆயின் மலை மக்களுக்கு உரமூட்டுகிறது எனக் கூறுகையில், மக்களை அடைத்தது எது என்ற வினா பின்தள்ளப்படுகின்றது. அவரது நூல் ‘விசுவாசமான’ ஜப்பானிய அமெரிக்கரைப் பற்றியது. 1943இன் விசுவாச வினாக்கொத்துக்கு ‘இல்லை’ என விடையளித்தோர் வேறொரு முகாமுக்கு மாற்றப்பட்டனர். அவர்களின் சினத்துக்கு அந்நூலிற் பெரிதும் இடமில்லை. 1942இல் அரசாங்கத்தின் சார்பில் மன்ஸனாரைப் படமெடுத்த டொரத்தியா லாங்கின் படங்கள் புழுதியையும் அவமானத்தையும் நேருக்கு நேர் காட்டியமையாற் போர் முடியும்வரை முடக்கப்பட்டன என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

அடைபட்டோருள் ஒருவரான ரோயோ மியாரக்கே லொஸ் ஏஞ்சலீஸில் ஒளிப்பட நிலையம் நடத்தியவர். கமெரா தடைசெய்யப்பட்டிருந்த முகாமுக்குள் ஒரு வில்லையை ஒளித்துக் கொண்டுவந்து, அதற்கு மரத்தாற் பெட்டி செய்து இரகசியமாகப் படமெடுத்தார். பின்னர் அவருக்கு அனுமதி கிடைத்தபொழுது, அவர் கமெராவை ஒழுங்கு செய்யலாம், விசையை அழுத்துவது வெள்ளையர் ஒருவராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை சில காலம் விதிக்கப்பட்டது. முள்வேலிக்குப் பின்னே மூன்று சிறுவர் நிற்கும் படத்தை எடுத்தவர் அவரே. அடம்ஸுக்கு விலக்கப்பட்ட வேலியே அப்படத்தின் பொருளாகும். மூவரது படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பின்னர் ‘குளிர்காலச் சூரியோதயம்’ படத்துக்கு மீண்டால், அதன் அழகு குறைவதில்லை. அந்த அழகு எவ்வளவு பெரிய மௌனத்தின்மேல் நிற்கிறது என்பது மாத்திரம் தெளிவாகின்றது. இம்முகாம்களுக்காக அமெரிக்க அரசு 1988இலேயே சட்டமூலம் மன்னிப்புக் கேட்டு நட்டஈடு வழங்க முன்வந்தது.

6

பனியை மனிதரோடு சேர்த்து நோக்கிய மரபுக்கு ஜப்பானியரான ஹிரோஷி ஹமாயா (1915-1999) சிறந்த உதாரணமாவார். ரோக்கியோவிற் பிறந்த அவர் 1939இல் ஒரு பத்திரிகையின் பொருட்டு, இராணுவத்தின் பனிச்சறுக்குப் பயிற்சியைப் படமெடுக்க நீகாற்றா மாகாணத்தின் ரக்காடா நகருக்குச் சென்றார். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை ஏந்தி மலைகளில் மோதுவதால் உலகின் மிகக் கூடிய பனிப்பொழிவு பெறும் குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்றாக அது விளங்குகின்றது. 1945 பெப்ரவரியில் அங்கு பனியின் ஆழம் 377 சென்ரிமீற்றராகப் பதிவாயிற்று. நாட்டாரியல் ஆய்வாளரின் தொடர்பு ஏற்பட்டபின், அருகிலுள்ள குவாத்தோரிப் பள்ளத்தாக்குக் கிராமத்தின் புத்தாண்டுச் சடங்குகளை 1940 முதற் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார். அவை 1956இல் ‘பனிநாடு’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின.

அப்படங்களில் இரவின் கருமையிற் பனிவெளியைக் கடந்து வரிசையாகச் செல்லும் ஊரவர் உண்டு. வயலைப் பாழாக்கும் பறவைகளை விரட்டப் பாடும் சிறுவர் உண்டு. மூன்று மாதம் பனியின் கீழ் மறைந்து கிடக்கும் வயலில் வரப்போகும் நெல்லுக்காகவே அச்சடங்குகள் நிகழ்கின்றன. அங்கும் பனி உருகி நீராகின்றது. ஆனால் அது ஊரவரின் நெல்வயலிற் பாய்கின்றது. ஆகவே ஹமாயாவின் படங்களில் வெண்மை வெறுமையைக் குறிப்பதில்லை. வேலை தற்காலிகமாக நின்றிருக்கும் நிலத்தை அது குறிக்கின்றது. முதற்பொருளான நிலத்தையும் பொழுதையும், கருப்பொருளான தொழிலோடும் தெய்வத்தோடும் சேர்த்தே நோக்கிய திணைமரபில் ஊறிய வாசகருக்கு இப்படங்களின் ஒழுங்கு அந்நியமாகத் தோன்றாது.

எனினும் மனிதர் இருக்கிறார்கள் என்பதனால் மாத்திரம் ஒரு படம் முழு உண்மையையும் கூறிவிடும் என்பதற்கில்லை. இப்படங்கள் எடுக்கத் தொடங்கப்பட்டபொழுது ஜப்பான் சீனாவின்மீது ஆக்கிரமிப்புப் போர் நடத்திக்கொண்டிருந்தது. மாறாத, ஆதியான ‘உண்மை ஜப்பானை’ நாட்டுப்புறத்திற் தேடும் வேட்கைக்கும் அக்காலத் தேசியவாதத்துக்கும் உறவுண்டு. நிலவுடைமையாளருக்குக் குத்தகை நெல் அளந்தவர்களே அப்பிரதேசத்து விவசாயிகளிற் பெரும்பகுதியினர். அந்நிலை 1946க்குப் பிந்திய நிலச் சீர்திருத்தத்தினாலேயே மாறிற்று. சடங்கைக் காட்டும் படங்களிற் குத்தகை தென்படுவதில்லை. ஒற்றுமையான ஊர் தென்படுகின்றது. ஊரினுள்ளே இருந்த பிளவு தென்படுவதில்லை.

ஹமாயாவின் வளர்ச்சி இவ்வெல்லையிலே நின்றுவிடவில்லை. 1955இற் தொயாமா மாகாணத்திற் சேற்றில் மார்பளவு புதைந்து நாற்று நடும் பெண்ணொருத்தியின் உடலை, முகம் சட்டகத்தில் வராமல், சேறு பூசிய கைகளும் உடையுமாக எடுத்தார். சடங்கிலிருந்து உழைப்புக்கு அவரது நோக்கு நகர்ந்தமைக்கு அப்படம் சான்று. 1960இல் அமெரிக்க-ஜப்பானியப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிராக ரோக்கியோவில் மக்கள் பெருந்திரளாக எழுந்தபொழுது அவர் தெருவில் நின்று அதனைப் பதிவு செய்தார். ஒப்பந்தம் நிறைவேறி அவ்வியக்கம் தோல்வி கண்டபின் அவர் பெரிதும் மலைகளையும் எரிமலைகளையும் கடலையும் நாடிச் சென்றார். மனிதரற்ற நிலக்காட்சி அவரிடத்தில் ஓர் அரசியல் ஏமாற்றத்தின் பின்னரே வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆளற்ற மலையினை நோக்கும் கண்ணிலும் அதற்கு முந்திய தெருவின் வரலாறு இருக்கக்கூடும்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கறுப்பு வெள்ளைப் பனிப்படத்தின் வெண்மை இயற்கை தந்ததன்று. ஒளி, வடிகட்டி, உருத்துலக்கல், அச்சிடல் ஆகிய கட்டங்கள் ஒவ்வொன்றிலும் மனிதன் எடுத்த தீர்மானங்களின் விளைவு அது. அத்தீர்மானங்கள் கலைஞனின் தனித்திறனோடு, அவன் நிற்கும் இடத்தாலும் அவனுக்கு அனுமதிக்கப்பட்ட பார்வையாலும் வரையறை பெறுகின்றன. படத்தில் மனிதர் உளரா இலரா என எண்ணிப் பார்ப்பது விமர்சனத்தின் தொடக்கமாகக்கூட அமையாது. அடம்ஸின் ஆளற்ற சிகரம் ஒரு வனப்பிரதேசத்தைக் காக்கத் துணைநின்றது. ஹமாயாவின் ஆள்நிறைந்த கிராமம் குத்தகையை மறைத்தது.

எனவே இத்தகைய படமொன்றை அணுகும்பொழுது நாம் கேட்க வேண்டியவை எளிய வினாக்களே. கமெரா எங்கே நின்றது? அவ்விடத்தில் நிற்பதற்கு யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இருக்கவில்லை? எது அழிக்கப்பட்டது, அதனை வடுவெனக் கருதியவர் யார்? அப்பனி உருகியபின் அந்நீர் யாருடைய வயலுக்குச் சென்றது? இவ்வினாக்களை எழுப்புவதால் அழகுணர்ச்சி மழுங்கிவிடும் என அஞ்சுவோர் உளர். லோன் பைன் படத்தைப் பொறுத்தவரை அவ்வச்சம் ஆதாரமற்றது. அலபாமாக் குன்றின் கருமையில் அடம்ஸ் அழித்த இரண்டு எழுத்துகள் எங்கே இருந்தன என்று தேடும் கண், அக்கருமையை முன்னரைவிட நுணுக்கமாகவும் நீண்ட நேரமும் நோக்குகின்றது.